வரைவு முடிந்த பிறகு: சிறுகதையைத் திருத்துவது எப்படி?

கேள்வி இது: 3400 சொற்களில் ஒரு சிறுகதை எழுதி முடித்தாயிற்று. படித்த நண்பர்கள் "நல்லாருக்கு, ஆனா ஏதோ குறையுது" என்கிறார்கள். என்ன குறை என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு இதழ்களுக்கு அனுப்பியும் பதில் இல்லை. எழுதியவர் நாலைந்து முறை வாக்கியங்களைச் செதுக்கிவிட்டார். இனி எங்கே கை வைப்பது?

முதலில் வாக்கியத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலான வரைவுகள் கெடுவது அங்கேதான். அழகாகச் செதுக்கிய ஒரு பத்தியை, அது கதைக்கே தேவையில்லை என்று தெரிந்த பிறகும், வெட்ட மனம் வராது. அதற்கு ஒரு காரணம் கற்பித்துக் கதையில் வைத்துக்கொள்வோம். அதனால் திருத்தம் மேலிருந்து கீழே வர வேண்டும்: முதலில் காட்சிகள், பிறகு பார்வைக் கோணம், பிறகு உரையாடல், அதன் பிறகு வாக்கியம், கடைசியில் ஒற்றுப்பிழை. இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய நேரும்.

தொடங்குவதற்கு முன் வரைவைக் குறைந்தது இரண்டு வாரம் திறக்காமல் வையுங்கள். நினைவில் இருக்கிற கதை வேறு, தாளில் இருக்கிற கதை வேறு. எழுதிய சூட்டில் படித்தால் தாளில் இல்லாததையும் மனம் நிரப்பிக்கொள்ளும். இரண்டு வாரம் பொறுக்க முடியாதவர்கள் எழுத்துருவையாவது மாற்றி, அச்செடுத்துப் படிக்கலாம். வரிகள் வேறு இடத்தில் மடிவதாலேயே சில பிழைகள் கண்ணில் படும்.

இனி காட்சிப் பட்டியல். ஒரு தாளில் காட்சி ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம் போடுங்கள். காட்சி எங்கே எப்போது நடக்கிறது, அதில் யாருக்கு என்ன வேண்டும், காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது, வாசகருக்குப் புதிதாக என்ன தெரிகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே வரிதான். மூன்றாவது கட்டம்தான் முக்கியம். "அவன் வருத்தப்பட்டான்" என்பது மாற்றம் ஆகாது. வருத்தத்தோடுதான் அவன் காட்சிக்குள்ளேயே வந்திருப்பான். ஒரு முடிவு, ஒரு பொய், ஒரு மறுப்பு, மறைத்தது தெரியவருவது, இனித் திரும்பப் பெற முடியாத ஒரு சொல்: இவைதான் மாற்றம்.

எடுத்துக்காட்டாக ஒரு வரைவை வைத்துக்கொள்வோம். செல்வத்துக்கு வேலை போய்விட்டது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். தம்பி ரவியிடம் கடன் கேட்கப் போகிறான், கேட்காமலே திரும்புகிறான். வரைவில் ஆறு காட்சிகள். ஒன்று, காலையில் படுக்கையில் கிடந்தபடி வேலை போன கதையை நினைக்கிறான். இரண்டு, மனைவியோடு பேச்சு, கட்டணம் பற்றி. மூன்று, பேருந்தில் போகும்போது தம்பியைப் படிக்கவைத்த பழைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. நான்கு, ரவியின் புது வீடு. ஐந்து, திரும்பும் பேருந்து, மழை. ஆறு, வீட்டுக்கு வந்து கைபேசியைப் பார்த்தால் ரவி தானாகவே பணம் அனுப்பியிருக்கிறான்.

கட்டத்தை நிரப்பினால் உண்மை தெரிந்துவிடும். ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய காட்சிகளில் மூன்றாவது கட்டம் காலி. ஆள் தனியாக உட்கார்ந்து நினைக்கிறான், அவ்வளவுதான். இரண்டாவதில் கொஞ்சம் அசைவு உண்டு: போய்க் கேட்பது என்று முடிவாகிறது. ஆனால் அவன் ரவி வீட்டு வாசலில் நின்றாலே அந்த முடிவு வாசகருக்குத் தெரிந்துபோகும். ஆறாவதைப் பற்றிப் பிறகு பேசுவோம். மிஞ்சுவது நான்காவது காட்சி. 3400 சொல்லில் அதற்கு ஒதுக்கியது 600 சொல்தான் என்றால், நண்பர்கள் சொன்ன அந்த "ஏதோ குறையுது" எது என்று தெரிந்துவிட்டது. கதை நடக்கிற இடத்தில் கதைக்கு இடம் இல்லை.

சிறுகதை வரைவுகளில் அடிக்கடி வரும் நோய் இதுதான்: சீக்கிரம் தொடங்கிவிடுகிறது, முடிந்த பிறகும் நீள்கிறது. விடிகாலை, கண்விழிப்பு, ஜன்னல் வெளிச்சம், பயணம் ஆகியவற்றில் தொடங்கும் கதைகளில் எழுத்தாளர் கதையைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். முதல் வரைவில் அப்படித் தேடுவதில் தப்பே இல்லை. இரண்டாம் வரைவில் அதை வாசகர் தலையில் கட்டக் கூடாது. முதல் பக்கத்தை மடித்து மறைத்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். என்ன புரியாமல் போகிறதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று தகவல்கள்தான் இருக்கும். அவற்றை வேண்டிய இடத்தில் செருகினால் போதும். முதல் பக்கம் போகலாம்.

"வேண்டிய இடம்" என்பது வாசகர் தானாகவே அந்தத் தகவலைக் கேட்கத் தொடங்குகிற இடம். செல்வம்தான் தம்பியைப் படிக்கவைத்தவன் என்பதைப் பேருந்தில் சொன்னால் அது வெறும் முன்கதை. ரவி பேச்சை மாற்றுகிற கணத்துக்குப் பிறகு ஒரே வரியில் சொன்னால் அதே தகவல் குத்தும். முன்கதைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: ஓர் இடத்தில் மூன்று வாக்கியத்துக்கு மேல் கூடாது, உடனே நடப்புக் காட்சிக்குத் திரும்பிவிட வேண்டும். "அவனுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது" என்று வாசல் திறக்கும் வாக்கியமும் வேண்டாம். இறந்தகாலத்தில் சொல்லப்படும் கதையில் "அப்போதெல்லாம்", "அந்த வருஷம்" போன்ற ஒரு சொல்லே காலத்தை மாற்றிவிடும்.

அளவு பற்றி. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-ல் எழுதிய ஒரு மதிப்புரையில், சிறிய உரைநடைக் கதை ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாக, அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும் என்றார். இன்றைய இதழ் வாசகர் இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார். ஆனால் காரணம் அப்படியே நிற்கிறது: இடையில் எழுந்துபோனால் கட்டிய இறுக்கம் தளர்ந்துவிடும். தொடக்கநிலையில் 1500 முதல் 2500 சொல், மூன்று நான்கு காட்சி, பெயர் சூட்டிய பாத்திரங்கள் நான்குக்குள், கதை நிகழும் காலம் கூடுமானால் ஒரே நாள் என்று வைத்துக்கொண்டால் கை அடங்கும். இருபது வருஷ வாழ்க்கையைச் சொல்ல முயலும் 2000 சொல் கதை சுருக்கக் குறிப்பாகத்தான் வந்து நிற்கும். அந்த இருபது வருஷமும் அழுத்துகிற ஓர் அரை மணி நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை.

அடுத்தது கோணம். படர்க்கையில் எழுதும்போது யாருடைய தோளுக்குப் பின்னால் நிற்கிறோம் என்பது கதை முழுக்க மாறாமல் இருக்க வேண்டும். செல்வத்தோடு போகிற கதையில் "ரவிக்குச் சங்கடமாக இருந்தது" என்று எழுதினால் தவறு. செல்வத்துக்கு அது தெரியாது. இதற்குப் பலரும் போடும் ஒட்டு "சங்கடப்பட்டது போல் இருந்தது". அதுவும் சோம்பல்தான். செல்வத்தின் கண்ணுக்கு என்ன பட்டது? ரவி கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். கேட்ட கேள்விக்குச் சமையலறைப் பக்கம் பார்த்துப் பதில் சொன்னான். அதை எழுதினால் போதும், சங்கடம் என்கிற சொல் இல்லாமலே சங்கடம் வந்துவிடும். வரைவில் "போல", "போலிருந்தது", "தோன்றியது" என்று வருகிற இடங்களை வண்ணப் பேனாவால் வட்டமிடுங்கள். பாதிக்கு மேல் பார்வைக் கோணம் வழுக்கிய இடங்களாகவே இருக்கும்.

தமிழில் கோணத்தைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு சங்கதி, பாத்திரத்தை எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பது. அவன், அவர், அவள், அவங்க என்று எதைப் போட்டாலும் சொல்கிறவருக்கும் சொல்லப்படுகிறவருக்கும் உள்ள உறவு அதில் ஏறிக்கொள்ளும். ஒரு பத்தியில் "அப்பா வந்தார்", அடுத்த பத்தியில் "ராமசாமி உட்கார்ந்தான்" என்றால், மகன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த வாசகர் திடீரென்று வானத்திலிருந்து பார்க்க வேண்டியதாகிறது. மகன் கோணம் என்றால் கடைசி வரை அப்பாதான். வேலைக்காரரை அவன் என்றும் முதலாளியை அவர் என்றும் ஆசிரியர் கூற்றிலேயே எழுதிக்கொண்டு போவதும் இப்படித்தான். பாத்திரம் அப்படி நினைக்கிறதா, எழுதுகிறவரே அப்படி நினைக்கிறாரா என்று வாசகர் கேட்பார். தெரிந்து செய்தால் அது உத்தி. தெரியாமல் செய்தால் எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும்.

உரையாடலில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஒரு கதையை ஒரு பக்கத்தில் எடைபோடும் ஆசிரியர் முதலில் பார்ப்பது அதைத்தான். மேலே சொன்ன வரைவின் நான்காவது காட்சி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"வா அண்ணா, எப்படி இருக்கிறாய்?" என்று ரவி மகிழ்ச்சியுடன் கேட்டான்.

"இருக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு வேலை போய் மூன்று மாதமாகிறது. பிரியாவின் கல்லூரிக் கட்டணத்தை அடுத்த வாரம் கட்ட வேண்டும்," என்று செல்வம் தயக்கத்துடன் சொன்னான்.

"அடடா, நானும் இந்த வீட்டுக்காக நிறையக் கடன் வாங்கிவிட்டேன்," என்று ரவி வருத்தத்துடன் சொன்னான்.

இதில் மூன்று பழுது. இருவரும் மனதில் இருப்பதை அப்படியே வாயால் சொல்லிவிடுகிறார்கள். அதனால் வாசகர் ஊகிக்க எதுவும் இல்லை. "உனக்குத்தான் தெரியுமே" என்று தொடங்கும் எந்த வசனமும் வாசகருக்காகப் பேசப்படுவது. தெரிந்தவனிடம் தெரிந்ததை யாரும் விளக்குவதில்லை. மூன்றாவது, மகிழ்ச்சியுடன், தயக்கத்துடன், வருத்தத்துடன் என்கிற ஒட்டுகள். வசனத்தில் இல்லாத உணர்ச்சியை வெளியிலிருந்து ஒட்டவைக்கும் முயற்சி இது. இதே இடத்தை இப்படி மாற்றலாம்:

"வாண்ணே. என்ன, ஒரு போன் கூடப் பண்ணாம?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்டா."

"உக்காரு. பெயிண்ட் வாடை இன்னும் போகல. முந்தாநாள்தான் முடிச்சாங்க."

செல்வம் சுவரைத் தொட்டுப் பார்த்தான். "நல்லாருக்குடா. செலவு நெறைய ஆயிருக்குமே."

"அத ஏன் கேக்குற. அடுத்த மாசத்துலேர்ந்து தவணை வேற." ரவி மின்விசிறியைக் கூட்டிவைத்தான். "பிரியா என்ன பண்றா?"

"காலேஜ் சேந்துட்டா. அடுத்த வாரம் ஃபீஸ் கட்டணும்."

ரவி எழுந்தான். "இரு, தண்ணி கொண்டாறேன்."

"தண்ணியெல்லாம் வேணாம் ரவி. கொஞ்சம் உக்காரு."

கடன் என்கிற சொல்லே வரவில்லை. ஆனால் கடன் கேட்க வந்தவன், அதைப் புரிந்துகொண்டவன் என்று இருவரும் தெரிகிறார்கள். தவணைப் பேச்சு ஒரு தடுப்பு. தண்ணீர் கொண்டுவர எழுவது தப்பித்தல். கடைசி வரியைக் கவனியுங்கள். அதுவரை இயல்பாக ஒட்டிக்கொண்டிருந்த "டா" அங்கே உதிர்ந்து, பெயர் வருகிறது. கேட்கப் போகிறவனுக்கு அண்ணன் என்கிற உரிமை அந்த நொடியில் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. தமிழில் நீ, நீங்க, டா, ப்பா, ங்க என்று விளிப்பு மாறுகிற இடம் ஒவ்வொன்றும் உறவு மாறுகிற இடம். அதைக் கணக்கில் வைத்து எழுதினால் ஒரு பத்தி விளக்கம் மிச்சம். கணக்கில்லாமல் ஒரே ஆளை ஒரு வரியில் நீ, மறுவரியில் நீங்க என்று பேசவைத்தால் கதை அங்கேயே ஆட்டம் காணும். ஒவ்வொரு பாத்திரமும் மற்றவரை எப்படி அழைக்கும் என்று ஒரு சின்னப் பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கதைக்குப் பன்னிரண்டு வரிதான் ஆகும்.

"என்று சொன்னான்", "என்று கேட்டான்" ஆகியவற்றில் பாதியை எடுத்துவிடலாம். இரண்டு பேர் மட்டும் பேசும்போது நாலு வரிக்கு ஒருமுறை யார் பேசுவது என்று தெரிந்தால் போதும். அதையும் மேலே மின்விசிறி வரியில் செய்ததுபோல ஒரு செய்கையால் காட்டலாம். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையைக் கோதுவது, பெருமூச்சு விடுவது, கண்ணாடியைச் சரிசெய்வது என்று போட்டால் அது வேறொரு தொல்லை. செய்கைக்குக் கதையில் ஒரு வேலை இருக்க வேண்டும். அதேபோல் "வினவினான்", "பகர்ந்தான்", "முழங்கினான்" எல்லாம் வேண்டவே வேண்டாம். "சொன்னான்" என்பது கண்ணில் படாமல் கடந்துபோகும். அதுதான் அதன் சிறப்பு.

பேச்சுத்தமிழை எப்படி எழுத்தில் வைப்பது என்பது முடிவில்லாத வழக்கு. உரையாடலில் வட்டார வழக்கைப் புதுமைப்பித்தன் 1930-களிலேயே தாராளமாகக் கையாண்டுவிட்டார். கி. ராஜநாராயணன் ஆசிரியர் கூற்றையே கரிசல் பேச்சுக்குக் கொண்டுவந்தார். அதனால் இது அனுமதி பற்றிய கேள்வி இல்லை. கேள்வி, கை எவ்வளவு உறுதி என்பதுதான். இரண்டு விதி போதும். ஒன்று, ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துமுறை: ஓர் இடத்தில் "இருக்கேன்", இன்னோர் இடத்தில் "இருக்குறேன்", பிறகு "கீறேன்" என்று ஒரே ஆள் பேசக் கூடாது. இரண்டு, நன்றாகக் காதில் விழுந்து பழகாத வட்டார வழக்கை எழுதாதீர்கள். நாலைந்து வினைமுற்றை மாற்றிவிட்டால் வழக்கு வந்துவிடாது. சொல் தேர்வும் வாக்கிய ஒழுங்கும் விளிப்பும் சேர்ந்து வர வேண்டும். உறுதியில்லாதவர்கள் பொதுவான பேச்சுத்தமிழில் நின்றுகொள்வது நல்லது. ஒருவரும் வீட்டில் செந்தமிழில் பேசிக்கொள்வதில்லை என்பதால், முழுச் செந்தமிழ் வசனம் வேண்டுமென்றே செய்ததாக இருந்தால்தான் எடுபடும்.

இப்போதுதான் வாக்கியம். வரைவைச் சத்தம் போட்டுப் படியுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், ஒரு பத்தியில் எட்டு வாக்கியமும் "வந்தான், பார்த்தான், உட்கார்ந்தான், எடுத்தான்" என்று ஒரே ஓசையில் விழும். மௌனமாகப் படித்தால் தெரியாது, வாய்விட்டுப் படித்தால் ஆணி அடிப்பதுபோல் கேட்கும். இதைச் சரிசெய்யப் பலர் எல்லாவற்றையும் எச்சத்தில் கோத்து "எழுந்து, முகம் கழுவி, சட்டையை மாட்டி, கதவைப் பூட்டி, கிளம்பினான்" என்று ஒரே கயிறாக்குவார்கள். எச்சம் மூன்றைத் தாண்டினால் எந்தச் செயலுக்கும் எடை இராது. வேறு வழிகள் உண்டு. சில வாக்கியங்களை வினையில்லாமல் முடிக்கலாம்: "மேசையில் இரண்டு ரசீதுகள்." எழுவாயை மாற்றலாம்; ஆளை விட்டுப் பொருளை முன்னால் வைத்தால் வினைமுற்றும் மாறும்: "கதவு திறந்தே கிடந்தது." அடிக்கடி வேண்டாம், பத்திக்கு ஒன்றிரண்டு போதும்.

கண்ணில் பட்டவுடன் சந்தேகப்பட வேண்டிய சில சொற்கள் உண்டு. "திடீரென்று": எதிர்பாராதது நடந்தால் அது தானே தெரியும். "மெல்ல", "லேசாக", "ஒருவித", "ஏதோ ஒரு": எழுதியவர் சரியான சொல்லைத் தேடாமல் விட்ட இடங்கள். "கொண்டிருந்தான்": பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுபோல் தொடர்வினைக்கு மட்டும் வையுங்கள், எல்லாவற்றுக்கும் போட்டால் கதை தேங்கும். "ஒரு" என்பதைக் கதை முழுக்கத் தேடிப் பார்த்து, எடுத்தால் பொருள் கெடாத இடங்களிலெல்லாம் எடுத்துவிடுங்கள். முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளி வைக்கும் பழக்கமும், இரண்டு மூன்று ஆச்சரியக்குறியும் வார இதழ்கள் பரப்பியவை என்பது என் எண்ணம். இரண்டையும் ஒரு கதைக்கு இரண்டு மூன்று இடத்துக்கு மேல் அனுமதிக்காதீர்கள். இந்தச் சுற்றில் மட்டும் மொத்தச் சொற்களில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குறையவில்லையென்றால் கை இன்னும் தயங்குகிறது.

உவமை பற்றி ஒன்றுதான். ஒரே பொருளுக்கு அடுத்தடுத்து இரண்டு உவமை வந்தால் இரண்டில் ஒன்று தோற்றுப்போன முயற்சி. எது என்று முடிவுசெய்து வெட்டிவிடுங்கள்.

முடிவுக்கு வருவோம். எடுத்துக்காட்டு வரைவில் ரவி தானாகப் பணம் அனுப்பிவிடுகிறான். படித்தவுடன் மனம் நெகிழும், ஆனால் மறுநாள் நிற்காது. ஏன்? கதை எழுப்பிய கேள்வி, செல்வம் கேட்பானா மாட்டானா என்பது. முடிவு பதில் சொன்னது பணம் வந்ததா இல்லையா என்பதற்கு. கேள்வி ஒன்று, பதில் இன்னொன்று. அதோடு, முக்கியமான செயலைச் செய்தவன் ரவி. அதுவும் நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில். செல்வம் வெறுமனே வாங்கிக்கொள்கிறான். ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1888-ல் தன் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் சிக்கலைத் தீர்ப்பதையும் அதைச் சரியாக முன்வைப்பதையும் பிரித்துப் பேசி, கலைஞனுக்குக் கட்டாயமானது இரண்டாவது மட்டுமே என்றார். கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவைப்பது எழுத்தாளரின் கடமை இல்லை.

முடிவு நான்காவது காட்சிக்குள்ளேயே இருக்கிறது. ரவி தண்ணீரோடு திரும்பி வந்து, உட்காராமலே, "எவ்வளவுண்ணே?" என்று கேட்கிறான் என்று வையுங்கள். கேட்க வேண்டிய சுமையைத் தம்பியே இறக்கிவைத்துவிட்டான். செல்வம், "எது?" என்கிறான். அந்த ஒற்றைச் சொல்லோடு அவன் ஒரு கதவை அடைத்துவிட்டான், அடைத்தது அவனே. இனித் திரும்ப முடியாது. தம்பிக்கு முன்னால் தாழக் கூடாது என்கிற வீம்பு மகளின் படிப்பைவிடப் பெரிதாகிவிட்டது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதற்குப் பிறகு நாலைந்து வரி எழுதலாம், எழுதாமலும் விடலாம். ஆனால் திரும்பும் பேருந்தும் மழையும் வேண்டாம்.

எதிர்பாராத் திருப்பத்தோடு முடிப்பவர்களுக்கு ஒரு சோதனை. கதையின் முடிவைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை படித்தால் கதை கூடுதலாகச் சுவைக்கிறதா? ஆம் என்றால் திருப்பம் நேர்மையானது. முதல் வரியிலிருந்தே விதை இருந்திருக்கிறது. இல்லை என்றால், பாத்திரத்துக்குத் தெரிந்த ஒரு தகவலை வாசகரிடமிருந்து மறைத்து வைத்து ஏமாற்றியிருக்கிறோம். பாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து எழுதிக்கொண்டே, அது நினைக்காமல் இருக்கவே முடியாத விஷயத்தை மட்டும் விட்டுவிடுவது மோசடிதான். கனவு என்று முடிப்பதும், கடைசி வரியில் பாத்திரத்தைச் சாகடிப்பதும் இதே குடும்பம்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. கடைசிப் பத்தியை வெட்டிவிட்டுப் படியுங்கள். கதை நிற்கிறதா? அப்படியானால் அதற்கு முந்தைய பத்தியையும் வெட்டிப் பாருங்கள். எந்தப் பத்தியை வெட்டினால் கதை விழுகிறதோ அந்தப் பத்திதான் முடிவு. கடைசிப் பத்தியில் "வாழ்க்கை", "மனிதர்கள்", "காலம்" என்று ஏதாவது பெரிய சொல் எழுவாயாக நின்றால் யோசிக்காமலே வெட்டலாம்.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். கதையின் கருத்தைச் சொல்லும் தலைப்பு (பாசம், தியாகம், உறவுகள்) கதையைப் படிக்கும் முன்பே முடித்துவைக்கிறது. கதைக்குள் ஒருமுறை வந்து போகும் பொருளோ சொல்லோ பெரும்பாலும் அதைவிட நன்றாக அமையும். முடிவின் ரகசியம் தலைப்பில் கசியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "நல்லாருக்கு" என்பதைத் தவிர மரியாதையான பதில் கிடையாது. கேட்க வேண்டியவை வேறு. எந்த இடத்தில் கவனம் சிதறியது, கைபேசியை எடுத்தீர்கள்? எந்தப் பெயரை மறந்து முன்பக்கம் புரட்டினீர்கள்? செல்வம் எதற்காகப் போனான் என்று எந்த வரியில் புரிந்தது? கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியுமா? மூன்று பேரிடம் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே பழுது உறுதி. ஆனால் அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வலி அவர்கள் சொன்ன இடத்தில் இருக்கும், காரணம் பெரும்பாலும் அதற்கு இரண்டு பக்கம் முன்னால் இருக்கும். முடிவு ஒட்டவில்லை என்பார்கள். உண்மையில் செல்வத்தின் வீம்பை முதல் பக்கத்தில் காட்டத் தவறியிருப்போம்.

எப்போது நிறுத்துவது? போன சுற்றில் மாற்றியதை இந்தச் சுற்றில் பழையபடி மாற்றத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். பிறகு ஒரு முறை ஒற்றுக்காக மட்டும் படியுங்கள், கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் பின்னோக்கி. கதை இழுத்துக்கொண்டு போகாததால் பிழை தெரியும். இதழின் சொல் வரம்பைப் பார்த்து, அதற்குள் அடங்காவிட்டால் வேறு இதழைத் தேடுங்கள். 2000 சொல் வரம்புக்கு 2600 சொல் கதையை அனுப்பிவிட்டு அவர்களே வெட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால், அவர்கள் வெட்டுவது நீங்கள் வெட்டியிருக்கக் கூடாத இடமாக இருக்கும். யூனிகோடில், அலங்காரமில்லாத கோப்பாக அனுப்புங்கள். கதையை விளக்கும் முன்னுரை மின்னஞ்சலில் வேண்டாம். பெயர், தொடர்பு விவரம், சொல் எண்ணிக்கை, வேறெங்கும் வெளிவராதது என்கிற ஒரு வரி போதும். ஒரே கதையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாமா என்பது அந்தந்த இதழின் விதியைப் பொறுத்தது. பதில் வர மாதக்கணக்காகும். அதற்குள் அடுத்த கதையின் வரைவு முடிந்து இரண்டு வாரம் ஊறிக்கொண்டிருந்தால் நல்லது.